முதல் நாளில் மருந்து கூடாது

ஹௌ அத்தை சட்டி மூடியைக் கரண்டியால் தட்டினால் மருந்து நேரம் என்று அர்த்தம். காலை ஏழுக்கு ஒரு முறை, மாலை ஏழுக்கு ஒரு முறை. இல்லத்தில் வேறு எது தவறினாலும் அது தவறாது. பிள்ளைகள் வெந்நீர்க் கிண்ணத்தோடு வரிசையில் நின்று மாத்திரையை விழுங்கி, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் கஞ்சிக்குப் போக வேண்டும். நாக்கைத் தூக்கும் வழக்கம் மிங்யாவால் வந்தது. மற்ற பிள்ளைகள் அதற்காக அவளை இன்னும் மன்னிக்கவில்லை.

இல்லம் முன்பு அரசாங்கத் தானியக் கிடங்காக இருந்த கட்டடம். மழைக்காலத்தில் சுவரிலிருந்து இன்றைக்கும் பழைய கோதுமை வாசம் வரும். அங்கே இருந்த இருபது சொச்சம் பிள்ளைகளுக்கும் பெற்றவர்கள் இல்லை. எல்லார் உடம்பிலும் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. ஹெனான் மாகாணத்தில் அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் ஒரு காலத்தில் வரிசையில் நின்று இரத்தம் விற்றார்கள். ஒரே ஊசி பல கைகளுக்குப் போனது. விற்ற காசில் செங்கல் வீடு கட்டினார்கள். பல வீடுகளில் குடியிருக்கத்தான் ஆள் மிஞ்சவில்லை. வயலில் கோதுமைக்கு நடுவே மண்மேடுகள் முளைத்தன. மிஞ்சிய பிள்ளைகளைச் சொந்தக்காரர்கள் ஒருவர் வாசலிலிருந்து இன்னொருவர் வாசலுக்குத் தள்ளிவிட்டு, கடைசியில் கொண்டுவந்து விட்ட இடம்தான் இது.

மிங்யாவும் அப்படி வந்தவள்தான். அப்பா, அம்மா போனபின் சில மாதம் பெரியப்பா வீட்டில் இருந்தாள். அப்போது அவளுக்குத் தனிக் கிண்ணம், தின்னத் தனிக் குச்சி. முற்றத்தில் உட்கார்ந்து தின்றாள். பெரியம்மா ஒரு முழம் தள்ளி நின்று ஊற்றுவாள், ஏதோ கொதிக்கிற எண்ணெயில் மாவு விடுகிறவள் மாதிரி. ஏழு வயதில் இல்லத்துக்கு வந்த அன்று ஹௌ அத்தை அவள் தின்று மீதி வைத்த நூடுல்ஸை, வீணாகிறதே என்று திட்டிக்கொண்டே எடுத்துத் தின்றாள். மிங்யா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

ஹௌ அத்தைக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். பஞ்சாலையில் வேலை பார்த்து வெளியே வந்தவள். வாய் நீளம். ஆனால் ராத்திரி எந்தப் பிள்ளை இருமினாலும் அது யார் இருமல் என்று படுத்தபடியே சொல்லிவிடுவாள். அவளையே மிங்யா ஒரு முறை ஏமாற்றினாள். பதினோரு வயதில், மாத்திரை தின்பதால்தான் தான் நோயாளி, நிறுத்திவிட்டால் மற்றவர்களைப் போல ஆகிவிடலாம் என்று ஒரு ஞானம் பிறந்து, மாத்திரைகளை நாக்குக்கு அடியில் ஒளித்துக் கொண்டுபோய் ரஜாய்ப் போர்வையின் தையலைப் பிரித்து உள்ளே திணித்தாள். அந்தக் குளிர்காலத்தில் நுரையீரல் காய்ச்சல் வந்து பிழைத்ததே பெரும்பாடு. ரஜாயை வெயிலில் உதறும்போது மாத்திரைகள் கொட்டின. ஹௌ அத்தை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. முதல்முறையாக அவள் வாயில் பேச்சு வரவில்லை என்பதுதான் மிங்யாவைப் பயமுறுத்தியது.

டாக்டர் வேறு மருந்து எழுதினார். பழைய மருந்து இனி அவள் உடம்பில் எடுபடாது என்றார். போகும்போது மிங்யாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, பெரிய மனுஷியிடம் பேசுகிற மாதிரி பேசினார். "என்கிட்ட ரெண்டு மருந்துதான் இருந்துச்சு. ஒண்ண நீ கெடுத்துட்டே. இதையும் விட்டு விட்டுத் தின்னு கெடுத்தேன்னா, அப்புறம் என் பையில ஒண்ணும் இல்லம்மா."

அதற்குப் பிறகு மூடி தட்டும் சத்தம் கேட்டால் வரிசையில் முதலில் நிற்பவள் மிங்யா.

அவளுக்குப் பதிமூன்று நடக்கும்போது, புத்தாண்டுக்கு முந்தின நாள் காலையில் பெரியப்பா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். குளிரில் மூக்கு மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தது. பண்டிகைக்கு அவளை வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும் என்றார். இத்தனை வருஷம் புத்தாண்டுக்கு யாருமே கூப்பிடாத பிள்ளைகளோடு இல்லத்திலேயே கொழுக்கட்டை பிடித்தவள் அவள். ஹௌ அத்தை மேலும் கீழும் பார்த்து, இப்போது மட்டும் என்ன திடீர் பாசம் என்று நேராகவே கேட்டாள். பெரியப்பாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. மகன் தெற்கே தொழிற்சாலையில் இருக்கிறான், ரயில் டிக்கெட் கிடைக்கவில்லை, வருஷப் பிறப்பன்று மேஜை வெறிச்சோடிக் கிடக்கும் என்று அவளுடைய பெரியம்மா அழுகிறாள் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, தம்பி கனவில் வருகிறான், ஒன்றும் பேசாமல் வாசலிலேயே நிற்கிறான் என்றார்.

ஆள் குறைகிற பந்திக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்று மிங்யாவுக்குப் புரியாமல் இல்லை. புரிந்தும் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கத் தெரியாமல் சாக்ஸை இரண்டு முறை மாற்றிப் போட்டாள்.

ஹௌ அத்தை மருந்தை வேளைக்கு ஒரு பொட்டலமாக மடித்து, நீலத் துணிப்பையில் போட்டுக் கொடுத்தாள். காலை ஏழு, மாலை ஏழு என்று பெரியப்பாவிடம் இரண்டு முறை சொல்லி, அவரைத் திரும்பச் சொல்லவைத்தாள். குளிரில் வெளியே விடாதே, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடு என்று எல்லாம் சொன்னாள். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. வருஷத்தின் முதல் நாளில் மருந்து தொட்டால் வருஷம் முழுக்க நோய் என்பது அந்த மண்ணில் பிறந்த ஹௌ அத்தைக்குத் தெரியாததல்ல. ஆனால் இல்லத்தில் புத்தாண்டு அன்றும் மூடி தட்டித் தட்டி, அப்படி ஒரு விலக்கு உண்டு என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. ஏழு வயதிலேயே ஊரைவிட்டு வந்த மிங்யாவுக்கோ அது தெரியவே தெரியாது.

பெரியப்பா வீட்டுக் கதவில் புத்தாண்டு வாழ்த்து எழுதிய புதுச் சிவப்புத் தாள் ஒட்டியிருந்தது. பெரியம்மா வாசலுக்கு வந்து, "வளந்துட்டியே" என்றாள். பழைய கதைக்கு மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அந்த ஊரில் கிடையாது; சாப்பாடு போடுவதுதான் பழக்கம். அன்று மாலை பெரியப்பா முன்னோரை வீட்டுக்கு அழைக்க வயலுக்குப் போனார். அதற்குப் பெண்பிள்ளைகளைக் கூட்டிப்போவதில்லை. அவர் மிங்யாவைக் கூட்டிப்போனார். அப்பா, அம்மாவைப் புதைத்த மேட்டுக்கு முன்னால் காகிதம் கொளுத்திவிட்டு, "வீட்டுக்கு வாங்க, பிள்ளை வந்திருக்கா" என்றார்.

இரவுச் சாப்பாட்டில் ஒரே மேஜை. நடுவில் மீன், பன்றிக்கறி, வெள்ளைப்பூண்டுத் துவையல். எல்லார் குச்சியும் ஒரே தட்டில் போய் வந்தது. மிங்யா தன் குச்சியை நீட்டலாமா கூடாதா என்று தெரியாமல் வெறும் சோற்றை மென்றுகொண்டிருந்தாள். பெரியம்மா அதைப் பார்த்தாள். மீனின் வயிற்றுப் பக்கத்துச் சதையைத் தன் வாய்பட்ட குச்சியாலேயே கிள்ளி எடுத்து மிங்யாவின் கிண்ணத்தில் வைத்தாள். மிங்யா அதை வாயில் போட்டுக்கொண்டு மெல்லாமல் உட்கார்ந்திருந்தாள். மீன் முள் என்று பெரியப்பா நினைத்து முதுகில் தட்டினார்.

ஏழு மணி மருந்தை அவள் பெரியம்மா கண் முன்னாலேயே விழுங்கினாள். பெரியம்மா அந்த நீலப் பையை வாங்கி, பத்திரமாக வைக்கிறேன் என்று உள்ளே கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

மறுநாள் விடியுமுன் ஊரே வெடியால் அதிர்ந்தது. மிங்யா எழுந்து, புதுச் சட்டை மாட்டிக்கொண்டு, அடுப்படிக்குப் போய்ப் பையைக் கேட்டாள். மருந்து என்ற சொல் முழுதாக வெளிவருமுன் பெரியம்மா மாவுக் கையால் அவள் வாயைப் பொத்தினாள்.

"வருஷப் பிறப்பும் அதுவுமா அந்தப் பேச்ச எடுக்காத கண்ணு. இன்னிக்கு அதத் தின்னா வருஷம் பூரா தின்னுட்டே கெடக்கணும். இன்னிக்கு விட்டுப்பாரு, இந்த வருஷம் உன் உடம்புல ஒண்ணும் இருக்காது."

வருஷம் பூராவும்தான் தின்கிறேன், சாகும்வரைக்கும் தின்ன வேண்டும் என்று சொல்ல மிங்யாவுக்கு வாய் வந்தது. ஆனால் வாயின் மேல் பெரியம்மாவின் உள்ளங்கை இருந்தது. சூடாக இருந்தது. இந்தக் கை ஒரு முழம் தள்ளி நின்ற கை என்பதை நினைத்துக்கொண்டாள். ஒரு வேளைதானே, மாலையில் பொழுது சாய்ந்ததும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று தலையை ஆட்டினாள்.

காலை முழுக்க அண்டை வீட்டார் வாழ்த்துச் சொல்ல வந்து போனார்கள். சூரியகாந்தி விதையைக் கொறித்தபடி மிங்யாவைக் கடைக்கண்ணால் பார்த்தார்கள். எதிர்வீட்டுக்காரி ஒருத்தி கையைச் சட்டைக் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, இந்தப் பிள்ளை எப்போது திரும்பிப் போகும் என்று விசாரித்தாள். பெரியம்மா, மிங்யா பாதி கடித்து வைத்திருந்த இலந்தைப்பழ ரொட்டியை எடுத்து, அந்தப் பெண்மணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிதானமாக மென்று தின்றாள். மிங்யாவுக்கு அந்த இடத்திலேயே பெரியம்மாவின் காலைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

அதனால்தான் மத்தியானம் ஹௌ அத்தை பெரியப்பாவின் செல்போனில் கூப்பிட்டபோது அவள் பொய் சொன்னாள். பின்னணியில் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். ஹௌ அத்தை வாழ்த்துக்கூடச் சொல்லாமல் எடுத்த எடுப்பில் மருந்து தின்றாயா என்று கேட்டாள். தின்றேன் என்றாள் மிங்யா. இல்லை என்று சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஹௌ அத்தை வண்டி பிடித்து நேரே இந்த வாசலில் வந்து இறங்குவாள். பெரியம்மாவை ஊர் கேட்கத் திட்டுவாள். அதோடு இந்த வீட்டுக் கதவு அடைபட்டுப்போகும். இன்னொரு தடவை யார் கூப்பிடுவார்கள்?

பொழுது சாய்ந்தது. மிங்யா மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்த பெரியப்பாவிடம் போய்ப் பையை வாங்கித் தரச் சொன்னாள். அவர் வைக்கோலைப் பார்த்துக்கொண்டே, அஞ்சாம் நாள் கொழுக்கட்டை தின்றதும் எல்லா விலக்கும் நீங்கிவிடும், அன்றைக்குப் பெரியம்மாவே எடுத்துத் தருவாள் என்றார்.

"அஞ்சு நாளா?"

"பெரியம்மா பிடிவாதம் உனக்குத் தெரியாதா அம்மாடி. உன் நல்லதுக்குத்தான் செய்யறா."

நல்லதுக்குத்தான். அதுதான் கஷ்டமே. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் கத்தி ஊரைக் கூட்டலாம், பெட்டியை உடைக்கலாம், இரவோடு இரவாக ஓடிப்போகலாம். நல்ல எண்ணத்தோடு சண்டை போட மிங்யாவுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஐந்து நாளில் மருந்து கெட்டுவிடுமா, கெடாதா என்றும் அவளுக்குத் தெரியாது. டாக்டரின் காலிப் பை மட்டும் கண்ணுக்குள் நின்றது. அப்பா, அம்மாவுக்கு நேர்ந்தது தனக்கு நேரக் கூடாது என்று அவள் ஆசைப்பட்டாள். இந்த வீட்டு மேஜையில் ஓர் இடம் வேண்டும் என்றும் ஆசைப்பட்டாள். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது போலிருந்தது.

இரவு மேஜையில் பெரியம்மா கிண்ணம் கிண்ணமாகக் கொழுக்கட்டையை வைத்தாள். பெரியப்பா ஒரு மடக்குச் சாராயம் குடித்து இருமினார். சுவர்க் கடிகாரம் ஏழைத் தாண்டிக்கொண்டிருந்தது. மிங்யா குச்சியை மேஜை மேல் வைத்தாள். புத்தாண்டு அன்று சொல்லக் கூடாத சொற்கள் எவை என்று காலையிலிருந்து பெரியம்மா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தாள். உடைந்தது என்று சொல்லக் கூடாது. தீர்ந்தது என்று சொல்லக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சொல் இருந்தது.

"பெரியம்மா, மருந்து தரலேன்னா நான் செத்துப்போயிடுவேன்."

பெரியப்பாவின் குச்சி பாதி வழியில் நின்றது. பெரியம்மாவின் முகம் மாவு மாதிரி வெளுத்தது. அவள் எழுந்து, தரையைப் பார்த்து மூன்று முறை துப்பினாள். "பிள்ளை வாய்ப் பேச்சு, காத்தோட போச்சு. பிள்ளை வாய்ப் பேச்சு, காத்தோட போச்சு" என்று முணுமுணுத்தாள்.

"காத்தோட போகல" என்றாள் மிங்யா. "எங்கப்பா செத்துப்போனாரு. எங்கம்மா செத்துப்போனா. அவங்களுக்குக் குடுக்க மருந்தே இல்ல. எனக்கு இருக்கு. உங்க பெட்டிக்குள்ள இருக்கு."

"உன் நல்லதுக்குத்தானேடி நான்…"

"தெரியும் பெரியம்மா. அதான் காலையில மறுபடி கேக்காம இருந்தேன். ஹௌ அத்தைகிட்டகூட தின்னுட்டேன்னு பொய் சொன்னேன்."

அதற்கப்புறம் அவள் ரஜாய்க்குள் ஒளித்த மாத்திரைகளைப் பற்றி, நுரையீரல் காய்ச்சலைப் பற்றி, டாக்டரிடம் வேறு மருந்து இல்லாததைப் பற்றி எல்லாம் சொன்னாள். அழக் கூடாத நாளில் அழுதாள். இந்த மாத்திரையை நோய் வந்தால் தின்று, போனால் நிறுத்த முடியாது, சோறு மாதிரி தினமும் வேண்டும், முதல் நாளும் வேண்டும், கடைசி நாளும் வேண்டும் என்றாள். சொல்லி முடித்தபோது இனி இந்த வீட்டில் தனக்கு இடமில்லை என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது. எழுந்து போய்த் தன் சட்டைகளை மடிக்கலாமா என்று யோசித்தாள்.

பெரியம்மா பயந்த மனுஷி. அந்தக் குடும்பத்திலிருந்து கொழுந்தனையும் ஓரகத்தியையும் ஒரே வருஷத்தில் தூக்கிப் போனதைப் பார்த்தவள். சாமி, சடங்கு, விலக்கு எதையும் விடாமல் பிடித்துக்கொண்டுதான் அதற்குப் பிறகு ஒவ்வொரு ராத்திரியும் தூங்கியிருக்கிறாள். கடைசியில் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போனாள். மிங்யா பின்னாலேயே போனாள்.

கல்யாணத்துக்குக் கொண்டுவந்த சிவப்புப் பெட்டி. மூடியைத் திறந்து, அடியிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்துக் கட்டில் மேல் வைத்து முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே பெரியப்பாவின் இருமல் மருந்துப் புட்டி இருந்தது. முழங்காலுக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி இருந்தது. பெரியம்மாவின் இரத்த அழுத்த மாத்திரை அட்டை இருந்தது. அவற்றோடு சேர்ந்து, அவற்றின் மேல் ஒட்டிக்கொண்டு, மிங்யாவின் நீலப் பை இருந்தது.

மிங்யா மூட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். தன் மருந்தைத் தொடுவதற்கே அருவருத்துப் பெட்டிக்குள் எங்கோ ஒரு மூலையில் தனியாக வீசியிருப்பாள் என்றுதான் அவள் இவ்வளவு நேரம் நினைத்திருந்தாள்.

"என்ன முழிக்கிற? உன்னுத மட்டும் ஒளிச்சு வெச்சேன்னு நெனச்சியா? வீட்டு மருந்து அத்தனையும்தான் கட்டி வெச்சேன்" என்றாள் பெரியம்மா. கோபமாகத்தான் சொன்னாள்.

மிங்யா ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். அவசரத்தில் ஒரு மாத்திரை கட்டிலில் விழுந்தது. பெரியம்மா தேடி எடுத்துக் கொடுத்தாள். கொதித்து ஆறிய தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு வந்து நீட்டினாள். மிங்யா விழுங்கினாள். பாதித் தண்ணீர் மிச்சமிருந்தது.

பெரியம்மா தன் இரத்த அழுத்த மாத்திரை அட்டையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாசல் பக்கம், சாமி மாடம் பக்கம், முன்னோர் படம் இருந்த பக்கம் எல்லாம் ஒரு தரம் பார்த்தாள். பிறகு ஒன்றைப் பிதுக்கி எடுத்து வாயில் போட்டு, மிங்யாவின் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி மிச்சத் தண்ணீரைக் குடித்தாள்.

"வருஷம் பூரா திங்கணும்னா ரெண்டு பேருமா தின்னுக்கலாம்" என்றாள். "காலையிலேர்ந்து எனக்கும் தல சுத்துது."

மேஜையிலிருந்து பெரியப்பா இருமினார். அப்படியே தன் புட்டியையும் எடுத்து வரச் சொன்னார்.